மோரியில் போன எண்ணெய்

அந்தோணியம்மாள் ஏரவாடாவிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடந்து கேம்ப் பகுதிக்கு வந்து சேரும்போதே கால் கெஞ்சும். ஐம்பத்தெட்டாம் வருஷத்து டிசம்பர் குளிர் வேறு. வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, விசாலாக்ஷியின் ஆறு மாதப் பிள்ளை பத்ரிநாத்தைக் காலில் கிடத்தி, வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் தடவி நீவி விடுவாள். இப்படி நாலு வீடு. நாலு வீட்டுப் பிள்ளைகளும் வழவழவென்று இருந்தன. அவள் பெற்ற கைக்குழந்தை, மகள் லூர்துவுக்கு மட்டும் பனியில் தோல் வெடித்துக் கிடந்தது. வீட்டில் தாளிக்கவே எண்ணெய் காணாது, அவள்தான் என்ன செய்வாள்!

மாலிஷ் முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சியதை விசாலாக்ஷி குளிக்கிற இடத்து மோரியில், தண்ணீர் ஓடும் சாக்கடையில், கொட்டிவிடுவாள். ஒருநாள் அந்தோணியம்மாள் கூச்சத்தை விட்டுக் கேட்டாள்.

"அம்மா, அந்த மீதி எண்ணெயக் குடுங்களேன். எம் புள்ளைக்குத் தடவிக்கிறேன்."

"ஐயையோ! கொழந்தைக்குத் தேச்ச மிச்சத்தை இன்னொரு கொழந்தைக்குக் குடுத்தா, இவன் போஷாக்கெல்லாம் அங்க போயிடும்டி. எங்காத்துல குடுக்கப்படாதும்பா."

அவள் மறுபடி கேட்கவில்லை. எண்ணெய் தினமும் மோரிக்கே போயிற்று.

அடுத்த வாரம் மூன்று நாள் அவளைக் காணோம். நாலாம் நாள் லூர்துவைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"எங்கடி போனே? பத்ரி தூங்கவே மாட்டேங்கறான்!" என்றாள் விசாலாக்ஷி.

"ஆஸ்பத்திரியிலங்க. வெடிப்புல சீழ் கட்டி, காய்ச்சல் அனலாக் கொதிச்சிருச்சு. தோலுதான் புள்ளைக்குக் காவல், அது வெடிச்சா நோய் உள்ள பூந்துடும்னாங்க டாக்டரம்மா. ஊர்ப் புள்ளைக்கெல்லாம் தேச்சு விடுறியே, இதுக்கு ரெண்டு சொட்டு வெக்கக் கூடாதான்னு திட்டுனாங்க. எண்ணெய் மோரிக்குப் போவுதுன்னு எப்படிம்மா சொல்லுவேன்?"

குரலில் கோபம்கூட இல்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள்.

விசாலாக்ஷி துணியை விலக்கிப் பார்த்தாள். சொரசொரத்த கன்னம், மருந்து அப்பிய கால். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் ஒரு தாயாடி!" என்று கை நீட்டி லூர்துவைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். "புண் ஆறட்டும். அப்புறம் தெனமும் இவளையும் தூக்கிண்டு வா. ஒரே கிண்ணத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் தேய்."

அந்தோணியம்மாள் உள்ளே வந்து வழக்கம்போல் காலை நீட்டி உட்கார்ந்தாள். பத்ரியைக் காலில் கிடத்திக்கொண்டாள்.

மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தபடியே விசாலாக்ஷி சொன்னாள்: "குடுத்திருந்தா பத்ரிக்கு ஒண்ணும் கொறைஞ்சிருக்காது, அந்தோணி. குடுக்காம கொட்டினேன் பாரு, அதான் பாவம்."