மேட்டை மறைத்த சட்டை

தங்கை தையற்காரி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு. அக்காளுக்குச் சினைப்பையில் புற்றுநோய் கண்டு, மருந்தை ஏற்றி ஏற்றிக் கை நரம்புகள் கெட்டுப்போனபின், வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், போர்ட் என்னும் நாணயமளவு கருவி ஒன்றை மருத்துவர் பதித்தார். அதன் வழியே மருந்து நேரே பெரிய இரத்தக் குழாய்க்குள் இறங்கியது. ஊசி குத்த இடந்தேடும் கொடுமை ஒழிந்தது. ஆனால் அந்த மேடு வெளியே தெரிந்தது.

"பாக்கறவங்க கண்ணெல்லாம் அங்கதான்டி போகுது. ஏதாவது பண்ணேன்."

தங்கை பண்ணினாள். உள்ளே கெட்டித் துணியை மடித்து வைத்து, மேட்டை அழுத்திச் சமன்படுத்தும் சட்டைகள். கண்ணாடி முன் நின்ற அக்காள் பூரித்துப்போனாள்.

இன்று சிகிச்சை அறையில் பார்த்தபோது மேட்டின் மேல் தோல் தேய்ந்து சிவந்து, போர்ட்டின் விளிம்பே வெளியே தெரிந்தது. கிருமி இரத்தத்தில் கலக்குமுன் போர்ட்டை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிப் போனார்.

"எதுலம்மா உரசிச்சு?" என்றாள் செவிலி.

தங்கை வாய் திறக்குமுன் அக்காள் முந்திக்கொண்டாள்.

"கார் பெல்ட்டுதாம்மா."

"சரி, புண்ணு ஆறினதும் இடது பக்கம் வேற வெச்சுடலாம்."

தங்கை அக்காளின் சட்டையைப் பார்த்தாள். இருபுறமும் ஒத்திருக்க வேண்டுமென்று இடப்பக்கத்திலும் அதே மடிப்பை வைத்தல்லவா தைத்திருக்கிறாள்!

"பெல்ட்டு இல்லீங்க. நான் தைச்ச சட்டை."

செவிலி சட்டையின் உட்புறத்தைத் திருப்பி விரலால் அழுத்திப் பார்த்தாள். "அழகாத்தான் தைச்சிருக்கீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கிருமிக்கான மருந்தை உடனே ஏற்றியாக வேண்டும். இனிக் கைதான் கதி. முதல் ஊசி நரம்பில் ஏறவில்லை. அடுத்ததும் ஏறவில்லை.

"நீ ஏன்டி கண்ண மூடிக்கற? குத்து வாங்கறது நானு."

"வலிக்குதாக்கா?"

"உன் மூஞ்சியப் பாத்தாத்தான் வலிக்குது. அழுது வடியாத. அடுத்தத லூசா தை. கோணிப்பை மாதிரி இருந்தாலும் போட்டுக்கறேன்."

செவிலி சிரித்துவிட்டாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காள் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

செவிலி மணிக்கட்டைத் தட்டித் தட்டி இன்னொரு நரம்பைத் தேடினாள். ஊசி மீண்டும் இறங்கியது. இம்முறை தங்கை கண்களை மூடவில்லை.