நாலால் வகுக்காத எடை

கல்குவாரி எடைமேடையில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். லாரி வந்து நிற்கும், முள் காட்டும், எழுதிக் கொடுப்பேன். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. அத்தனை வருடம் கட்டிப் போட்டிருந்த வாய், ஓய்வு பெற்ற மறுநாளே அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. வீட்டுக்குள் வந்த எலி பன்றிக்குட்டி அளவு இருந்தது. குழாயில் வந்த தண்ணீரின் வேகத்தில் வாளி பறந்துபோய் எதிர்வீட்டு மாடியில் விழுந்தது. என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவள் தம்பிதான் மோசம். நகரத்தில் பழைய ஜீப்புகளுக்கு ஸ்பிரிங்கும், அதிர்வை அடக்குகிற ஷாக்கும் மாற்றுகிற பட்டறை வைத்திருக்கிறான். "எங்க மாமா எது சொன்னாலும் நாலால வகுத்துக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

அந்த வருடம் என் மனைவியின் முதுகெலும்பில் நோய் வந்து உட்கார்ந்தது. செவ்வாய்தோறும் மருத்துவமனை. எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டைத் தொடப் பதினோரு கிலோமீட்டர் குவாரிப் பாதை. ஏழுதான், ஏறி இறங்குவதையும் சேர்த்தால் பதினொன்று. வாடகைக் கார்கள் முதல் ஓடையிலேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற என் கிழட்டு ஜீப் ஒன்றுதான் போகும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தேன். ஆனால் வண்டிக்கு அடியில் அடுக்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகள் வளைவெல்லாம் போய் நேராகியிருந்தன. ஷாக்குகள் எண்ணெயைக் கக்கிவிட்டுச் செத்திருந்தன. குழிக்குக் குழி அச்சு மேலே வந்து முட்டும். அவள் கத்தமாட்டாள். பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போகும், அவ்வளவுதான்.

"இப்படியே இருந்தா நான் இனிமே வரல. நோய்க்கு முன்னாடி உங்க ஜீப்பு என்னை முடிச்சிடும்" என்றாள் ஒருநாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் அவள் மாற்றிக்கொண்டதே இல்லை.

மச்சானிடம் வண்டியை ஓட்டிப் போனேன். பட்டறைக் குழிக்குள் நின்றிருந்தான். தலை மட்டும் வெளியே.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. பின்னாடி எவ்வளவு எடை ஏத்துவீங்க? அதுக்குத் தகுந்த மாதிரிதான் பட்டை. கனமா போட்டா காலி வண்டி குதிக்கும். மெலிசா போட்டா அடி இடிக்கும்."

மெத்தை, சக்கர நாற்காலி, தண்ணீர், துணிப்பை, அவள். எல்லாம் சேர்த்தாலும் நூறு தாண்டாது. இவன் எப்படியும் நாலால் வகுப்பான். நூறு என்றால் இருபத்தைந்துக்குப் பட்டை போட்டுவிடுவான்.

"நானூறு கிலோ மாப்ள. ரெண்டு ஸ்டெப்னி, தண்ணி டிரம்மு, ஒரு குடும்பத்துச் சாமானே போகுது."

அவன் சிரிக்கவில்லை. "சரி மாமா" என்றான். அந்தச் சிரிக்காததை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு நாளில் வண்டி தயார். பக்கத்துக்கு ஒன்பது பட்டை, மஞ்சள் நிறத்தில் புது ஷாக். கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து நின்றது. செவ்வாய் காலை முதல் ஓடையில் இறங்கியதும் பின்பக்கம் எழும்பியது பாருங்கள், மேகத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்கியது. நோய் வந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் கத்தினாள்.

"திருப்புங்க."

"இன்னும் ஒரே ஒரு..."

"வண்டியைத் திருப்புங்க. மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"என்னடா போட்டிருக்கே? யானையா ஏத்தப் போறேன்?"

"நானூறுன்னு சொன்னது யாரு?"

"நீ நாலால வகுப்பேன்னுதானே நானூறு சொன்னேன்!"

ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அக்கா விஷயத்துலயுமா மாமா? இதுலயாவது நிஜம் சொல்லுவீங்கன்னு அப்படியே எடுத்துக்கிட்டேன்."

காற்றடிக்கிற இயந்திரம் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு நின்றது.

"இப்ப சொல்லுங்க. அக்கா எவ்வளவு இருக்கா?"

இதுதான் எனக்கு வினை. மூன்று மாதமாகப் போனில் "ரெண்டு சுத்துப் பெருத்துட்டா உங்கக்கா" என்று அளந்துகொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தம்பி பார்க்கக் கூடாதென்று ஏதாவது சாக்குச் சொல்லி அவன் வருவதைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அறுபது என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பட்டைக்கு எடை வேண்டும்.

"முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். போன செவ்வாய் எடுத்தது."

அவன் உதடு வழக்கம்போலக் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நின்றது. கையைத் துடைத்த துணியாலேயே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவன் வண்டிக்கு அடியில் போனான். இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் இறக்கித் தரையில் பரப்பி, நீளமான மெல்லிய பட்டைகளில் பக்கத்துக்கு ஐந்தை மட்டும் பொறுக்கி, இடையிடையே கிரீஸ் தடவி மாட்டினான். "பட்டை மெலிசா மட்டும் இருந்தா வண்டி ஆடிக்கிட்டே கெடக்கும். ஆட்டத்தை நிறுத்தறது ஷாக்கு. அதுவும் இறுக்கமா இருந்தா முதுகுல குத்தும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு மூன்று ஜோடி ஷாக்கை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்தான். பிறகு அவள் படுக்கிற மெத்தையில் தானே மல்லாந்து படுத்து, என்னைப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற குண்டும் குழியுமான திடலில் ஓட்டச் சொன்னான். "இன்னொரு சுத்து." "இன்னும் ஒண்ணு எடுக்கணும்." சாயங்காலம்வரை சுற்றினோம். ஆயிரம் சுற்று இருக்கும். கடைசியில் நான்கு பட்டை நின்றது.

அடுத்த செவ்வாய் அவனும் கூட வந்தான்.

"உன்னை யாருடா வரச் சொன்னா?" என்றாள்.

"வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன்க்கா."

"அப்ப வண்டியைப் பாரு. என் மூஞ்சியை ஏன் பாக்கறே?"

ஓடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் கை கம்பியில் இல்லை. தம்பி மடியில் கிடந்தது. தூங்கிவிட்டிருந்தாள்.

அப்படிப் பதினான்கு செவ்வாய் போனோம். இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? பதினான்குதான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். ஜீப்பிலிருந்து மெத்தையை இன்னும் எடுக்கவில்லை.

"என்ன மாமா?"

"வண்டி பின்னாடி ஒரு சாண் தூக்கிக்கிட்டு நிக்குது மாப்ள."

முப்பது சொச்சம் கிலோ இறங்கினால் வண்டி ஒரு விரல் கூட எழும்பாது. எடைமேடைக்காரனுக்கும் தெரியும், பட்டறைக்காரனுக்கும் தெரியும். அவன் டேப்பை எடுத்து வந்து மண்டியிட்டான். சக்கரத்திலிருந்து மேல் விளிம்புவரை அளந்தான். அந்தப் பக்கம் போய் மறுபடியும் அளந்தான். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆமா மாமா" என்றான். "ஒரு சாண் இருக்கும்."