முன்சக்கரத்துக்குள் பனியன் வேஸ்ட்

வீரபாண்டிப் பாறையில் ரிமோட் ஜீப் ஏற்றும் போட்டி. கிருத்திகாவின் முறைக்குப் பத்தே நிமிடம். ஒத்திகையில் மூன்று தடவையும் அவள் ஜீப்பின் முன்சக்கரங்கள் வழுக்கிவிட்டன. நிலைகொள்ளாமல் டயரை அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

"ஏனுங்க, உள்ளார என்னத்த வெச்சீங்க?"

"ஸ்பாஞ்ச் பிஞ்சிருச்சு. பனியன் வேஸ்ட்டக் கெட்டியா அடைச்சேன் கண்ணு," என்றான் கணவன் இளங்குமரன், பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர்.

"கம்பெனில துணி பேல் கட்டறாப்புலயா? டயரு அமுங்குனாத்தானுங்க கல்லப் புடிக்கும்!"

ஸ்க்ரூக்களைக் கழற்றி, இரண்டு டயர்களிலிருந்தும் பாதித் துணியை உருவினாள். மூடி முடிக்கவும் அவள் பேரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

முன்டயர்கள் நசுங்கிப் பாறையைக் கவ்வின. ஜீப் அங்குலம் அங்குலமாக உச்சிக்கு ஏறியது. இளங்குமரன் அவள் முழங்கையை இறுகப் பற்றியிருந்தான்.

"கைய விடுங்க மாமா, இன்னும் எறக்கோணும்!"