ஒரு துண்டு பாண்

நிரோஷா என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். இரண்டு வருடமாக அவளுக்குச் சோறூட்டி, தலை பின்னி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவள் நான். பசித்தால் என் முந்தானையை இழுப்பாள். தூக்கம் வந்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். வாயைத் திறந்து ஓர் உறவுமுறை சொன்னதில்லை.

"சின்னம்மானு கூப்பிடப் பழக்கு சத்யா, அதுதான முறை" என்று செண்பகனூரில் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வளக்குறவ நானு. இதுல என்ன சின்னது பெருசு?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அம்மா என்று அந்தப் பிள்ளை கூப்பிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அவளைப் பெற்றவள் மகாராணி, என் வீட்டுக்காரரின் மூத்த தாரம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். நிரோஷா கைக்குழந்தையாக இருக்கும்போது, மேல்மலையில் ஊத்துக்காட்டு ஏரியில் வலை எடுக்கப் போன பரிசல் கவிழ்ந்து இறந்துபோனாள். கூடப் போன என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரன் மட்டும் கரையேறினார். அதோடு மகாராணியின் வீட்டார் கோத்தகிரிப் பக்கம் குடிபோய்விட்டார்கள். பேத்தியை எட்டிப் பார்க்கக்கூட வரவில்லை. "அம்மா எங்கப்பா?" என்று நிரோஷா கேட்டால் இவர், "தண்ணிக்குள்ள இருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது?

நிரோஷாவுக்கு மீன் என்றால் உயிர். கோடை விடுமுறை வந்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது.

"பரிசல்ல மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறேன். என்னைய அம்மானு கூப்பிடுவியா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடைக்கானல் ஏரியில் டூரிஸ்ட் கூட்டம் நெரியும். இவருக்குத் தெரிந்த பரிசல் ஊத்துக்காட்டில் இருளப்பன் அண்ணனிடம்தான் இருந்தது. அங்கே போகலாம் என்றதும் இவர் முகம் மாறிவிட்டது.

"அந்தத் தண்ணி மட்டும் வேணாம் சத்யா."

"எத்தன வருசத்துக்கு ஒரு ஏரியப் பாத்துப் பயந்துக்கிட்டுக் கெடப்பீங்க? தண்ணிக்கு நம்மள ஞாபகமா இருக்கப்போகுது?" என்றேன். பேசிப் பேசியே அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

வெள்ளனே ஜீப்பில் கிளம்பினோம். வழியில் சாகுல் ஹமீது பாய் கடையில் ஒரு பிரெட் பாக்கெட் வாங்கிக்கொண்டோம், தூண்டிலுக்கும் ஆச்சு, பிள்ளைக்கும் ஆச்சு என்று. இருளப்பன் அண்ணன் கொடுத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் நிரோஷாவுக்கு முழங்கால் வரை வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் நடந்த நடையைப் பார்த்து நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

ஏரி சின்னதுதான். இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். நடுவில் போய்த் தூண்டிலைப் போட்டோம். நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தக்கை அமுங்கினால் வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். தக்கை அமுங்கவே இல்லை. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. இவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நிரோஷா தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, பரிசல் விளிம்பில் மோவாயை வைத்துத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"பாண் வேணுமாம்."

"என்னது?"

"பாண்" என்று சொல்லிப் பிரெட் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினாள்.

இவர் மடியிலிருந்த துடுப்பு நழுவிப் பரிசலுக்குள் விழுந்தது.

"பிரெட்ட அப்பிடிச் சொல்றது மகாராணிதான்" என்றார். "அவுக வீட்டு இலங்கைப் பேச்சு. அவ போனதுக்கப்புறம் அந்த வார்த்தைய நான் சொன்னதும் இல்ல, கேட்டதும் இல்ல."

"யாருக்குடி வேணுமாம்?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு."

இரண்டு வருடமாக அந்த வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த சொல். ஒரு நொடி என் நெஞ்சு குளிர்ந்தே போனது. அவளோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டாள். பிரெட் மிதக்கும், ஊறும், குஞ்சு மீன்கள் கொத்திக் கொத்தி இழுக்கும். இது அப்படியில்லை. விழுந்த இடத்திலேயே நேராகக் கீழே போய்விட்டது, வாங்கிக்கொண்ட மாதிரி. நிரோஷா அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

"கரைக்குப் போங்க. வெரசாப் போங்க" என்று கத்தினேன்.

இவர் துடுப்பை எடுத்து வலித்தார். பரிசல் என்பது சும்மா விட்டாலே சுற்றிக்கொண்டிருக்கிற சாமான். அது அசையவில்லை. எழுந்து நின்று வலித்தார், நகரவில்லை. அதற்குள் மஞ்சு மூட்டம் இறங்கிக் கரையை மறைத்துவிட்டது. நிரோஷா இன்னும் குனிந்தாள். அவள் முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு கனக்குமா? எனக்கு வியர்த்துவிட்டது.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். தண்ணீரைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

"இந்தாம்மா மகாராணி, உனக்குப் பசிச்சா இருக்குற பிரெட்டு பூராத்தையும் எடுத்துக்க. பிள்ளைய விட்ரு. உனக்கு என்ன சோலி இவளோட? நானில்ல இவள வளக்குறேன்!"

நிரோஷா காதைச் சாய்த்துக் கேட்டாள். என்னிடம் அல்ல. பிறகு சொன்னாள்:

"நீ யாருன்னு கேக்குறாங்க."

இவர் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் யார்? அம்மா என்று சொல்லலாம். சொல்லிச் சொல்லி வைத்திருந்த சொல், நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் கேட்பவள் அவளைப் பெற்றவள். அவளிடம் போய் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வேன்? சொன்னால் கையிலிருக்கும் வார் அறுந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழுகைதான் வந்தது.

"சின்னம்மானு சொல்லு" என்றேன். "அம்மாவுக்குத் தங்கச்சி மொறைன்னு சொல்லு."

நிரோஷா குனிந்து தண்ணீரிடம் சொன்னாள்: "சின்னம்மாவாம்."

பிறகு பரிசல் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை கனம் குறைந்து என் மடியில் வந்து விழுந்தாள். அவள் தலைமுடி நுனி நனைந்து சொட்டியது. அவளை இறுக்கிக்கொண்டேன். இவர் துடுப்பை வலித்துக் கரை சேர்த்தார்.

இருளப்பன் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் அவளை உட்காரவைத்துத் துவட்டிவிட்டேன். இவர் வெளியே ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார்.

"சின்னம்மா, குளுருது" என்றாள் நிரோஷா.

முதல்முறையாகக் கூப்பிடுகிறாள். நான் வேண்டாம் என்று தள்ளிய சொல். சேலைத் தலைப்பால் அவளைப் போர்த்தினேன்.

"ஏன்டி, இத்தன நாளா என்னைய ஒண்ணுமே கூப்பிடல?"

"நீ அம்மானு கூப்பிடச் சொன்ன."

"கூப்பிட்டா என்னவாம்?"

"அம்மான்னா தண்ணிக்குள்ள போயிருவாங்க" என்றாள். "நீயும் போயிருவன்னு பயமா இருந்துச்சு."

அவள் என் கன்னத்தைத் தொட்டு, "சின்னம்மான்னா போக மாட்டாங்கதான?" என்று கேட்டாள். போக மாட்டேன், எங்கேயும் போக மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

ஜீப் கிளம்பும்போது நிறுத்தச் சொல்லி நான் மட்டும் இறங்கினேன். மிச்சமிருந்த பிரெட்டைக் கரையில் தண்ணீர் தொடுகிற இடத்தில் வைத்தேன்.

"பாண் வச்சிருக்கேன்க்கா" என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறி, நிரோஷாவை மடியில் வைத்துக்கொண்டேன்.