ஐந்து வோல்ட்

மேரி டீச்சர் மேசைமேல் வைத்த ஒயரைத் தனசேகரன் உடனே கையில் எடுக்கவில்லை. ஒரு முழ நீளம் இருக்கும். மேலுறை உருகி வழிந்து, உள்ளேயிருந்த செம்பு இழைகள் கறுத்துப்போயிருந்தன. நடுவில் ஓரிடத்தில் நீல ரிப்பன் துண்டொன்று உருகிய பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"நம்ம ரக்ஷா பொண்ணுக்குக் கழுத்துலபா. இந்த எடத்துல," என்று டீச்சர் தன் கழுத்தின் இடப்பக்கம் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "ரெண்டு இஞ்சு இருக்கும். கொப்புளிச்சிக்கினு வந்துட்டுது. ஆஸ்பத்திரியில மருந்து வெச்சிக் கட்டி அனுப்பிட்டாங்க. ஒயரு பழசு, அதான் இப்டி ஆயிடுச்சின்னு அவங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

தனசேகரன் தலையாட்டினான். அப்படித் தலையாட்டியதுதான் அடுத்து வந்த நாட்களில் அவனைப் போட்டு அரித்தது.

ஐயம்பேட்டை போகிற சாலையில் இருந்த அந்தப் பள்ளி காது மந்தமான பிள்ளைகளுக்கானது. ஒரு வகுப்பில் மட்டும் பத்து டெஸ்க்குகளுக்கும் ஒயர் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும். பெட்டியிலிருந்து இரண்டு காதுக்கும் கயிறுபோல ஒயர் போகும். இன்னொரு ஒயர் தோள்வழியாகப் பின்னால் வந்து டெஸ்க்கில் சொருகும். டீச்சர் மைக்கில் பேசுவதும், பெட்டிக்கு வேண்டிய ஐந்து வோல்ட் மின்சாரமும் அந்த ஒரே ஒயரில்தான் வரும். மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சக் கேட்கும் சக்திக்குள் டீச்சரின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது.

போன மழைக்காலத்தில் பழைய பவர் சப்ளை புகைந்துபோனது. யாரோ எப்போதோ நன்கொடையாகக் கொடுத்த கனத்த டிரான்ஸ்பார்மர் பெட்டி. உதிரிபாகம் எங்கும் இல்லை. தனசேகரனுக்குப் பூக்கடைச் சத்திரம் பக்கத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. பதினைந்து வருடத் தொழில். அவன் யோசித்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சப்ளை பெட்டி ஒன்றை வாங்கிவந்து, அதிலிருந்து ஐந்து வோல்ட்டை இழுத்து மாட்டிக் கொடுத்தான். முன்பெல்லாம் பிள்ளைகள் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த 'உம்' என்ற இரைச்சல் அன்றோடு நின்றது. டீச்சர் தானே ஒரு பெட்டியை மாட்டிக் கேட்டுவிட்டு, "கண்ணாடி மாதிரி கேக்குதுபா," என்றாள். பெட்டியின் மேல் ஐந்து வோல்ட்டுக்கு இருபது ஆம்பியர் என்று எழுதியிருந்தது. பழையது இரண்டு ஆம்பியருக்கே மூச்சு வாங்கும். இருபது என்பதை அவன் ஒரு பெருமையாகத்தான் நினைத்தான்.

பிள்ளைகள் ஒயரை இழுப்பார்கள், முறுக்குவார்கள், டெஸ்க் கால்களுக்கு நடுவில் நசுக்குவார்கள். பழைய சப்ளை இருந்தபோது எங்காவது ஷார்ட் ஆனால் அது சக்தி போதாமல் படுத்துவிடும். பத்துப் பெட்டியும் ஊமையாகும். தேடி எடுத்துச் சரிசெய்தால் ஆயிற்று. புதியதிலும் ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் ஏற்பாடு உண்டு. அதை நம்பித்தான் அவன் மாட்டினான். ஆனால் அந்த ஏற்பாடு சப்ளையின் வாயிலேயே நடக்கிற ஷார்ட்டுக்குத்தான். நாற்பது அடி ஒயருக்கு அப்பால், எட்டாவது டெஸ்க்கில், ரக்ஷா என்ற சிறுமியின் தோளில் நடந்தது அதற்கு ஷார்ட்டாகவே தெரியவில்லை. யாரோ நிறையக் கேட்கிறார்கள் என்று எண்ணிக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பியாகிவிட்டது. மைக் வழியே ரக்ஷாவின் அலறல் மற்ற ஒன்பது பிள்ளைகளின் காதுக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு சுத்தமான சப்ளை.

"அஞ்சு வோல்ட்டுதாம்மா, நாக்குல வெச்சாக்கூட ஒண்ணும் ஆவாது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! அது பொய்யுமில்லை. அந்த அலறலுக்குக் காரணம் வோல்ட் அல்ல. கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுத்த அந்த இருபது ஆம்பியர்தான்.

டெஸ்க்குக்கு ஒரு பியூஸ் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது போகும். போனால் டீச்சர் யாரைக் கூப்பிடுவாள்? பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி ஓட்டுகிற எத்தனையோ பெட்டிகளை இந்த ஊரில் அவன் திறந்து பார்த்திருக்கிறான். இன்னொன்று, பியூஸ் உருகி முடிப்பதற்குள் மொத்த லைனும் ஒருமுறை அமுங்கி எழும். பத்துப் பிள்ளைகளின் காதிலும் 'டப்' என்று அறைந்ததுபோல விழும். வேண்டாம் என்று விட்டுவிட்டான். ஆனால் வேறென்ன செய்வதென்றும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மானிட்டர் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில், பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு மவுஸ் வேலை செய்யவில்லை. அதன் ஒயரை எலி கடித்திருந்தது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. திரையின் மூலையில் ஏதோ எச்சரிக்கை வந்திருந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அணையவில்லை, கீபோர்டு ஓடியது, எதுவும் புகையவில்லை. அந்த ஒரு சாக்கெட் மட்டும் செத்தது போலிருந்தது. தனசேகரன் மவுஸைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருகினான். சாக்கெட் உயிரோடு எழுந்தது. அவன் மறுபடி பழையதைச் சொருகினான். படுத்தது. பிடுங்கினான். எழுந்தது. உள்ளே இருப்பதும் அதே கம்ப்யூட்டர் சப்ளை, அதே ஐந்து வோல்ட், அதே இருபது ஆம்பியர்.

மானிட்டரை மறந்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு கடைக்காரரிடம் கேட்டு, மூலையில் கிடந்த செத்த மதர்போர்டு ஒன்றை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தான். சாக்கெட்டுக்குப் பக்கத்தில், சிகைக்காய் விதை அளவில், எட்டுக் கால் வைத்த ஒரு ஐ.சி. சில்லு இருந்தது. அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனான். ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கியபின், நான்காவது கடையில் இருந்தவர் உள்ளங்கையைப் பார்த்ததுமே சிரித்தார்.

"லோடு சுவிட்சு. லிமிட்டு உள்ளயே இருக்குது. அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல போச்சின்னா, நீ தலைகீழா நின்னு கேட்டாலும் தரமாட்டான். சூடாச்சின்னா தானா மூடிக்குவான். ஆறினதும் தொறந்து பாப்பான். இன்னும் ஷார்ட்டா இருந்தா திரும்ப மூடிக்குவான். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"பக்கத்து லைனு?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது."

பன்னிரண்டு வாங்கினான். கூடவே அந்த ஐ.சி.யைப் பற்றிய ஐந்தாறு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். இங்கிலீஷ் அரைகுறையாகத்தான் புரிந்தது, படங்கள் முழுசாகப் புரிந்தன. எந்தக் காலில் சிவப்பு லைட் மாட்டினால் ஷார்ட் ஆனபோது மட்டும் எரியும் என்பதைப் பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிட்டான். வாலாஜாபாத் தாண்டும்போது, மூன்று நாளில் முதல்முறையாகப் பசி எடுத்தது.

ஆனால் கடைக்கு வந்து ஐ.சி.யின் கால்களைப் பற்றவைக்க உட்கார்ந்தபோது கம்பியை அளவுக்கு மேல் வைத்துக்கொண்டே இருந்தான். முதல் இரண்டு ஐ.சி.யையும் சூடு காட்டியே கொன்றான். மிச்சம் சரியாகப் பத்து. மூன்றாவதை எடுத்து வைத்திருந்த நேரத்தில்தான் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கடைக்கு வருகிறவர்கள் யாரும் அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய திருமண், சட்டைப் பையில் சாக்பீஸ் தூள்.

"ஸ்கூல்ல மைக் பார்க்கறது நீங்கதானே? நான் யதிராஜன். ரக்ஷாவோட அப்பா."

தனசேகரன் எழுந்து நின்றுவிட்டான். சண்டை போடத்தான் வந்திருப்பார் என்று நினைத்தான். வந்தவரோ சண்டையின் சாயலே இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டீச்சர் சொன்னா, பழைய ஒயர்னு. புது ஒயர் போட்டாச்சான்னு கேட்டுண்டு போலாம்னுதான் வந்தேன். கொழந்தை பெட்டியைப் பார்த்தாலே ஓடிப்போய் ஒளிஞ்சுக்கறா. போன வருஷத்துலேர்ந்துதான் 'அப்பா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. மத்தவாளுக்கு 'அம்பா'ன்னு கேக்கும், எனக்குத் தெரியும் அது என்னன்னு. இப்போ மூணு நாளா வாயையே திறக்கலை." சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார். "புது ஒயர்னு காட்டினா ஒருவேளை போட்டுப்பாளோ என்னவோ."

ஆமாம் சார், புது ஒயர்தான் என்று சொல்லிவிடலாம். எதிரில் இருப்பவர் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். டீச்சரும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு சொல் போதும், எல்லாருக்கும் நிம்மதி. தனசேகரன் கையிலிருந்த சால்டரிங் கம்பியை அதன் தாங்கியில் வைத்தான்.

"ஒயரு மேல தப்பு இல்ல சார். எம்மேலதான்."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. பழைய சப்ளை, புது சப்ளை, இருபது ஆம்பியர், நாற்பது அடி, எல்லாவற்றையும் சொன்னான். யதிராஜன் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் போலிருக்கிறது. ஒரே ஒருமுறை ஒயரின் நீளத்தைத் திரும்பக் கேட்டார். முடிந்ததும் நேராக அவனைப் பார்த்துக் கேட்டார்.

"தெரிஞ்சே போட்டேளா?"

"தெரியாது சார். ஆனா தெரிஞ்சிருக்கணும். அதான் என் வேலையே."

"டீச்சருக்கு?"

"இன்னும் சொல்லல. நாளைக்குக் காத்தால சொல்லிட்டுதான் கைய வெப்பேன்."

தனசேகரன் சொல்லி வரவழைத்த டீ ஸ்டூல் பக்கத்தில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கோபத்தினால்தான் தொடவில்லையா என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். எதுவானாலும் இன்றைக்கு அதைக் கேட்கிற இடத்தில் தான் இல்லை என்று தனசேகரனுக்குத் தோன்றியது.

"நாளைக்கு மாட்டறச்சே நானும் வரேன்," என்று எழுந்தார் யதிராஜன். "அவளையும் கூட்டிண்டு வரேன். நான் என் கண்ணால பார்க்கணும்."

அவர் போனபின் மறுபடி கம்பியை எடுத்தான். மூன்றாவது ஐ.சி. முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. நான்காவதும்.

காலையில் அவன் சொன்னதையெல்லாம் மேரி டீச்சர் கேட்டுவிட்டு, "என்னாபா நீ, நான் வேற அந்த ஒயரு மேல பழியப் போட்டுட்டேனே," என்றாள். பிறகு டெஸ்க்குகளை நகர்த்திக் கொடுக்க வந்தாள். பத்து டெஸ்க்கிலும் ஐ.சி.யையும் சிவப்பு லைட்டையும் மாட்டி முடிக்கப் பதினொரு மணியாயிற்று. ஒன்பது பிள்ளைகள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். எட்டாவது டெஸ்க்கில் தனசேகரன் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்துவிட்டன. வாசற்படியில் யதிராஜன், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ரக்ஷா. கழுத்தில் வெள்ளைக் கட்டு. அவள் படியைத் தாண்டவில்லை.

தனசேகரன் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, காதில் சொருகிக்கொண்டான். ஒயரின் மேலுறையை ஓரிடத்தில் சீவியிருந்தான். அந்த இடம் வெறும் கழுத்தில் படும்படி சுற்றினான். டீச்சர் மைக்கைப் பிடித்து, "மா... ம்மா... மாடு," என்றாள். அவன் கண்ணை மூடி, ஸ்குரூ டிரைவரை இரண்டு இழைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தினான்.

காது அடைத்துக்கொண்டது. கண்ணைத் திறந்தான். டெஸ்க் மேல் சிவப்பு லைட் எரிந்தது. டீச்சரின் உதடுகள் அசைந்தன; முன்னால் இருந்த பையனின் உதடுகளும், அவனுக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணின் உதடுகளும் அசைந்தன. 'மாடு, மாடு.' ஒன்பது பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒயர் சில்லென்றே இருந்தது. அறுபது வரை எண்ணினான். நூறு வரை எண்ணினான். அப்போதும் மனுஷ உடம்புச் சூடுதான். ஸ்குரூ டிரைவரை எடுத்தான். சிவப்பு அணைந்தது, உடனே, பாதியில் விட்ட சொல்லின் மிச்சம்போல, "டு" என்று டீச்சரின் குரல் காதுக்குள் வந்து விழுந்தது.

யதிராஜன் வந்து, மெதுவாக, அவன் கழுத்திலிருந்த ஒயரின் மேல் இரண்டு விரலை வைத்தார். "நான் பண்ணலாமா?" என்று ஸ்குரூ டிரைவரை வாங்கினார். ஒருமுறை. இரண்டு முறை. ஒயரைப் பிடித்துக்கொண்டே மூன்றாம் முறை. பிறகு அவர் தோள்கள் இறங்கின. தனசேகரனின் தோளைப் பிடித்து, பிடித்தபடியே நின்றார்.

இதற்குள் ரக்ஷா பக்கத்தில் வந்திருந்தாள். அவள் பார்த்தது ஒயரை அல்ல, அந்தச் சிவப்பு லைட்டை. கையை நீட்டினாள். அப்பா தயங்கிவிட்டு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். தொட்டாள், எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. தொட்டாள். எடுத்தாள். தனசேகரன் காதுக்குள் டீச்சரின் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து தனக்கும் வேண்டும் என்று கைகாட்டினான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். மேரி டீச்சர் பாடத்தை விட்டுவிட்டு, மைக்கை அணைக்காமலே சிரித்தாள். தனசேகரனும் சிரித்தான். எழுந்திருக்கப் பார்த்தால் முழங்கால் டெஸ்க்குக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது ரக்ஷா அவன் இடது காதிலிருந்ததைப் பிடுங்கினாள். புரட்டிப் பார்த்தாள். தன் காதில், கட்டு இல்லாத பக்கத்தில், வைத்துக்கொண்டாள்.

பெட்டி இன்னும் அவன் கழுத்தில்தான் தொங்கியது. இடையில் இருந்தது ஒரு சாண் ஒயர். அது இழுபடாமல் இருக்க அவன் தலையை அவள் உயரத்துக்குச் சாய்த்து, அப்படியே வைத்துக்கொண்டான். டீச்சர் சிரிப்பை அடக்கி, மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "ரக்ஷா," என்றாள். அவன் வலது காதில் கேட்ட அதே நொடியில் அந்தச் சிறுமியின் கண்கள் டீச்சர் பக்கம் திரும்பின. தனசேகரன் அசையவில்லை, கழுத்து வலித்தபோதும் அசையவில்லை.