மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்

என் பேத்தி சங்கமித்ராவின் ரிசப்ஷன் வைட்ஃபீல்டில் நடந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பத்திரிகையோடு ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்கு வந்த நாகேஷை வாசலிலேயே நிறுத்தி, "எனக்குப் பொண்ணே இல்ல. பேத்தி எங்கேர்ந்து வந்தா?" என்று கேட்டு அனுப்பினேன். நாகேஷ் என் மகள் ஷோபா கட்டிக்கொண்டவன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்குக் கதவைச் சாத்தினேன். சரியாகத்தான் செய்தேன் என்று இப்போதும் சொல்வேன். குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

இருந்தாலும் போனேன். ஒரு தடவை ஷோபாவைப் பார்க்க வேண்டும், அவள் என்னைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் எண்ணம்.

மாப்பிள்ளை வீட்டார் கன்னடக்காரர்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. தமிழில் விசாரித்தவர்களுக்குக் கன்னடத்தில் பதில் சொன்னேன், கன்னடத்தில் விசாரித்தவர்களுக்குத் தமிழில். இரண்டு பக்கத்தாரும் என்னை மற்றவர் ஆள் என்று விட்டுவிட்டார்கள். கடைசி வரிசையில் ஏர்கூலர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த விசேஷத்திலும் முதல் சந்தனம் தனக்குத்தான் வரவேண்டும் என்று இருந்தவன் நான். யாரும் திரும்பிப் பார்க்காத நாற்காலி இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது. முதுகைக்கூடச் சாய்த்துக்கொண்டேன்.

நாகேஷ் பந்திப் பக்கம் இருந்தான். மேடைக்குக் கீழே ஷோபா நின்றிருந்தாள். பச்சைப் பட்டு. காதோரம் நரைத்திருந்தது. அவள் அம்மாவைப் போலவே எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். யார் யார் கையையோ பிடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீங்க ஏங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

நாகேஷின் தங்கை பாஞ்சாலி. அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"கண்டின கடே" என்றேன். மாப்பிள்ளை வீடு என்று. அங்கேதான் தப்புச் செய்தேன்.

"போச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரக் கொண்டுவந்து கூலர் பக்கத்துல உட்கார வச்சிருக்கோம்" என்று கூட வந்தவளிடம் தமிழில் சொன்னாள், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில். "மூஞ்சியப் பாரு. கோவிச்சுக்கிட்டே பொறந்தாப்பல. இத வச்சு வருஷம் பூரா சொல்லிக்காட்டுவாங்க."

பிறகு கன்னடத்துக்கு மாறி, குழைந்து, என் கையைப் பிடித்து முதல் வரிசைக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அங்கே சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு மரியாதை நடந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவள் ஒவ்வொருவருக்கும் சந்தனம் கொடுத்துக் காலைத் தொட வேண்டும். பக்கத்திலிருந்த பெரியவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். நான் தலையசைத்தேன். அவரும் அசைத்துவைத்தார். எழுந்தால் மண்டபமே பார்க்கும். உட்கார்ந்திருந்தால் ஷோபா பார்ப்பாள்.

தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் மேடையைப் பார்த்தேன். என் புறங்கையில் சந்தனம் பூசினாள். பூசி முடித்த பிறகும் கையை விடவில்லை. 'அப்பா' என்று மெதுவாகச் சொன்னால்கூட எழுந்துவிடுவேன் என்றிருந்தது. எழுந்து என்ன செய்திருப்பேன், தெரியாது.

குனிந்து காலைத் தொட்டாள். நிமிர்ந்து, மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில், "ஊட்டா மாட்கொண்டு ஹோகி" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பாஞ்சாலிக்கோ பக்கத்துப் பெரியவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. வரமாட்டேன் என்று நான் சொன்ன வார்த்தையை இத்தனை பேர் நடுவில் அவள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் நான் எதிர்பார்த்ததெல்லாம் அதுதான். அந்த நிமிஷத்தில் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அவள் அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

பந்திக்கு அழைத்தார்கள். வரிசை காலியாயிற்று. ஷோபாவும் சம்பந்திகளை அழைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். பாஞ்சாலி வந்து இரண்டு முறை கூப்பிட்டாள். நான் எழவில்லை. மேடைக்குத் திரும்ப ஷோபா இந்த வழியாகத்தான் வரவேண்டும்.