ரத்தான விமானத்தின் சாட்சி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இளங்கோவன் அப்படியொன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் அவன் புளுகு முழுசாக ஒரு வருஷம் தாங்கிவிட்டது. அப்பாவின் முதல் வருஷத் திதிக்காக ஜெர்மனியிலிருந்து பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைத்து, இரண்டு வாய் காபி குடிப்பதற்குள் அது ஆட்டம் காண ஆரம்பித்தது.

"ண்ணா, உனுக்கு ஒரு நல்ல சேதி இருக்குது," என்றாள் தங்கை சுகாசினி. காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றின் ஆபீசில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. "போன வருஷம் உன் ப்ளைட் கேன்சல் ஆச்சில்ல? அதுக்கு நஷ்டஈடு வாங்கித் தர்ற வெப்சைட் ஒண்ணு இருக்குது. ஐரோப்பாவுல சட்டமே இருக்குதாம். ப்ளைட் நம்பரும் தேதியும் போட்டா போதும், அதுவே கம்பெனிக்கு லெட்டர் போடுது, அதுவே பதில் கேக்குது. நடுவுல ஆளே கிடையாதுண்ணா. நீ அப்போ அனுப்பின டிக்கெட்ட ஏத்திட்டேன். உன் கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்."

இளங்கோவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

நடந்தது இதுதான். போன ஜனவரியில் அப்பா சாயப்பட்டறை வாசலில் சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். சேதி கேட்டு இளங்கோவன் அழுதான், உடனே டிக்கெட் எடுத்தான், அதைத் தங்கைக்கும் அனுப்பினான். அது வரைக்கும் எல்லாம் நிஜம். அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, வேலை அனுமதி புதுப்பித்து வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர வேலை இருக்காது என்றார். ஒரு மணி நேரம் யோசித்தான். டிக்கெட்டை அவன் கையாலேயே ரத்து செய்தான். வீட்டுக்கு என்ன சொல்வது என்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவனுக்கு மறுநாள் புயல் கைகொடுத்தது. அவன் ஏறியிருக்க வேண்டிய அதே விமானம் நிஜமாகவே ரத்தானது. "ப்ளைட் கேன்சல்மா, வேற ப்ளைட்டும் கெடைக்கல, நான் இன்னா பண்ணுவேன்" என்று போனில் கதறினான். கதறலும் நிஜம்தான். அடப்பாவி, அதுதான் கொடுமை.

இங்கே ஐஸ் பெட்டியில் மூன்று நாள் பிணம் காத்துக் கிடந்தது. இன்று வருவான், நாளை வருவான் என்று பார்த்துவிட்டு, கடைசியில் சித்தப்பா மகன் பழனி கொள்ளி போட்டான். அப்பாவோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி அவன்.

"துட்டுக்காவ இல்லடா கண்ணு," என்று சமையல் கட்டிலிருந்து வந்தாள் அம்மா கங்கையம்மாள். "காயிதத்துக்காவ. கொள்ளி போட்டவன்தான் தெவசமும் செய்யணும்னு பழனி ஒத்தக் கால்ல நிக்கிறான். நீ வேணும்னே வரலயாம். ஏர்போர்ட்டுக்கே போயிருக்க மாட்டியாம். தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியிறான். தெருத் தலைவரு துரைக்கண்ணு இன்னா சொல்லிட்டாரு தெரியுமா? ப்ளேன்காரன் கையால ஒரு காயிதம் வரட்டும், புள்ள மேல தப்பில்லன்னு நானே அவன படையலுக்கு உக்கார வெக்கிறேன்னு. ஞாயித்துக்கிழமை காலைல கோயில்ல கூட்டம், அது முடிஞ்சதும் படையல்."

மாரியம்மன் படத்துக்குக் கீழே, வெப்சைட் அனுப்பியதைச் சுகாசினி ஆபீசில் பிரிண்ட் எடுத்த மூன்று தாள்கள் இருந்தன. கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்றது முதல் தாள். குறிப்பிட்ட நாளில் அந்த விமானம் ரத்தானது உறுதி என்றது இரண்டாவது. அதைச் சுகாசினி தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிப் பெருமையாகக் காட்டிவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது அன்று காலையில்தான் வந்தது. பயணியர் பட்டியலில் இளங்கோவன் பெயரைச் சரிபார்க்க விமானக் கம்பெனியைக் கேட்டிருப்பதாகவும், பதில் எதுவானாலும் அப்படியே அனுப்பிவைக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

எதுவானாலும். அந்த ஒரு வார்த்தையில் அவன் கண் நின்றுவிட்டது. எழுதியவன் மனுஷனாக இருந்தால் கையைக் காலைப் பிடித்தாவது கெஞ்சலாம். இது ஒரு பாவமும் அறியாத மெஷின். அதற்கு அம்மாவும் தெரியாது, பழனியும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. கேட்டதைக் கேட்டுக்கொண்டு, வந்ததை அனுப்பிக்கொண்டு, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. வாசலில் சுகாசினியின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையில் தாள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். வியாழக்கிழமை பொறுக்கமுடியாமல், நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். தாளில் இருந்த கோரிக்கை எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்ததும் பக்கம் திறந்தது. கோரிக்கையைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினான். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றான். அவ்வளவுதான், கோரிக்கை முடிக்கப்பட்டது. வெளியே வந்து ஒரு சோடா குடித்தான். தப்பித்தோம்டா சாமி என்று வாய்விட்டே சொன்னான்.

தப்பித்தானா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"ம்மா, அந்த வெப்சைட்டு கேஸை மூடிடுச்சுமா," என்று மறுநாள் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தாள் சுகாசினி. "ஏன்னு கேட்டு மெயில் போட்டா, அதுக்கும் அதே பதில்தான் வருது. இனிமே லெட்டர் வராது. மெஷின் கோளாறா இருக்கும்."

அம்மா எழுந்தாள். மூன்று தாள்களையும் மடித்து அடுப்பில் போட்டாள். "போவட்டும் வுடு. வெள்ளக்காரன் காயிதத்த நம்பியா நான் உன்னப் பெத்தேன்? அம்மன் முன்னால நானே சத்தியம் பண்றேன்," என்றாள் மகனிடம். இளங்கோவன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் தெருவே கூடிவிட்டது. அம்மன் பார்த்த இடத்தில் தாம்பாளத்தை வைத்து, அதில் கட்டிக் கற்பூரம் ஏற்றியாயிற்று. பழனி கண்கலங்க நின்றான். "பெரிம்மா, உன் மேல எனுக்குக் கோவமில்ல. மூணு நாளு அந்தப் பெட்டிகிட்ட குந்திக்கினு இருந்தவன் நான். ஈ ஓட்டினவன் நான். இவன் நெசமாவே வரக் கெளம்பியிருந்தா, நானே இவன் கால்ல வுழறேன்," என்றான்.

பொய் சத்தியம் செய்தால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். கங்கையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தாம்பாளத்துக்கு முன் உட்கார்ந்து, மகனையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். இடது கையை அவன் தலைமேல் வைத்தாள். வலது கையைக் கற்பூரத்துக்கு மேலே ஓங்கினாள். "என் புள்ள தலை மேல ஆணையா..."

இளங்கோவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தன் தலையை நினைத்துப் பயந்தானா, அவளை நினைத்துப் பயந்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவள் காதோரம் சாய்ந்தான்.

"வேணாம்மா. டிக்கெட்ட நான்தான் கேன்சல் பண்ணேன். வேல பூடும்னு பயந்துட்டேன். அந்தக் கேஸையும் நான்தான் மூடினேன்."

அவள் காதில் விழுந்தது. தலைமேல் இருந்த கை அப்படியே கனத்தது. கூட்டத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுகாசினி மட்டும் அண்ணன் வாயசைவதைப் பார்த்தாள்.

"இன்னாமா, கற்பூரம் தீந்துடும் போல இருக்குது," என்று குரல் கொடுத்தார் துரைக்கண்ணு.

கங்கையம்மாள் மகன் தலையிலிருந்து கையை எடுத்தாள். அதைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "என் புள்ள வரக் கெளம்பி, ப்ளேனுக்குக் காத்துக்கினுதான் நின்னான். நான் சொன்னது பொய்யாயிருந்தா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சி பூடட்டும்," என்று கோயில் மணியே அதிரும்படி சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை ஓங்கி அடித்து அணைத்தாள்.

கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழனி சொன்ன சொல் தவறாமல் வந்து இளங்கோவன் காலைத் தொட்டான். "மன்னிச்சிக்கோப்பா. நீயே படையல் போடு," என்றான். துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லோரும் படையலுக்காக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

கங்கையம்மாளின் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. இளங்கோவன் அதைப் பிடித்துப் பார்க்கப் போனான். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல், யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"படையல முடிச்சிட்டு இன்னிக்கே கெளம்பிடு. நாளைக்கி எனுக்கு ஒண்ணுன்னா நீ டிக்கெட் எடுக்காத. கொள்ளி போட பழனி இருக்கிறான்."